ஆறு இறங்கிய நாள்

நாலைந்து நாளாகக் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடிய ஆறு அன்று காலையில் திடீரென்று முழங்கால் அளவுக்கு இறங்கிப்போனதைப் பார்த்து, ஊரிலேயே முதலில் சந்தோஷப்பட்டவன் அவளுடைய கணவன்தான்.

அவன் குடிநீர் நிலையத்தில் பம்ப் மெக்கானிக். ஆற்றுக்குள் ஒரு ஓரமாக, வட்டமாகக் கான்கிரீட்டில் எழுப்பிய பெரிய கிணறு ஒன்று உண்டு. ஊருக்குப் போகும் தண்ணீரெல்லாம் முதலில் அதற்குள் விழுந்துதான் குழாய்க்கு ஏறும். அந்தக் கிணற்றின் அடியில் இருக்கும் சல்லடை சேறு அடைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இருக்கும்வரை அதன் பக்கம் போக முடியாது. இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் வராது என்று மனைவிக்கு போன் போட்டுச் சொன்னான். டீசல் இன்ஜினை வைத்து மிச்சத் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு உள்ளே இறங்கப் போகிறானாம். போனைச் சட்டைப் பையிலேயே விட்டு, சட்டையை மேலே கழற்றி வைத்துவிட்டுப் போவதாகவும், மதியச் சாப்பாட்டுக்குத் தேட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வைத்தான்.

அவள் அப்போது அலுவலகத்தில் ட்ரோனின் இறக்கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பேரிடர் மேலாண்மை அலுவலகம் என்று வாசலில் பெரிய பலகை. உள்ளே வந்து பார்த்தால் மாடியில் ஒரே ஒரு நீள அறை, சுவரில் வரிசையாகத் திரைகள், அதில் பாதி வேலை செய்யாது. மழை ஆரம்பித்ததிலிருந்து கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். ஓரத்து மேஜையில் பேட்டரிகள் சிவப்பு விளக்கைக் காட்டியபடி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் கல்யாண வீடுகளில் ட்ரோன் விட்டுக்கொண்டிருந்தவள். மணமக்கள் தலைக்கு மேல் ஒரு சுற்று, பந்திக்கு மேல் ஒரு சுற்று, அவ்வளவுதான் அன்றைய பிழைப்பு. இங்கே எல்லோரும் அவளைப் 'பட்டம்' என்று கூப்பிட்டார்கள். படித்து வாங்கிய பட்டம் இல்லை, பறக்கவிடுகிற பட்டம் என்று அவளே புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பெயரை வைத்தவர் செயற்கைக்கோள் படம் பார்க்கும் அதிகாரி. அவருக்கு அவள் பதிலுக்கு வைத்த பெயர் 'ஜோசியர்'. வானத்தைப் பார்த்து நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? இரண்டு பெயரும் நிலைத்துவிட்டன.

ஜோசியர் அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு திரையில் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அவர் கூப்பிட்ட குரலே சரியில்லை. அவள் துணியும் கையுமாகப் போய் நின்றாள்.

"ஆறு ஏன் இறங்குச்சுன்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

மழை விட்டதால் இருக்கும் என்றாள்.

"இங்கதான் விட்டிருக்கு. மேல மலையில விடவே இல்ல."

திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கிற ரேடார் செயற்கைக்கோள் எடுத்தவை. அதில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், நிலம் சாம்பல் நிறமாகத் தெரியும். போன வாரத்துப் படத்தில் மலையிடுக்கில் ஆறு ஒரு கறுப்பு நூல் மாதிரி வளைந்து வளைந்து வந்தது. இன்று விடிகாலையில் எடுத்த படத்தில் அந்த நூல் நடுவில் ஒரு இடத்தில் அறுந்திருந்தது. அறுந்த இடத்துக்குக் கீழே நூல் இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்கு மெலிந்து கிடந்தது. மேலே, மை கொட்டியது போல ஒரு கறுப்புத் திட்டு.

அவர் விளக்கிச் சொல்வதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. மலைச்சரிவு ஒன்று மொத்தமாகச் சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது. வந்த தண்ணீரெல்லாம் அந்த மண்ணுக்குப் பின்னால் ஏரியாகத் தேங்கி நிற்கிறது. மண் எவ்வளவு நேரம் தாங்கும்? சேற்றையும் மரத்தையும் கொட்டிவைத்த குவியல் அது, யாரும் கட்டிய அணை இல்லை.

கிணற்றை நினைத்தாள். உடனே போனை எடுத்துக் கணவனுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குடிநீர் நிலையத்தின் எண்ணுக்கு அடித்தாள். அங்கேயும் எடுப்பார் இல்லை. அந்த ஷிப்டில் அவனும் ஒரு உதவியாளும் மட்டும்தான். இரண்டு பேரும் உள்ளே இறங்கியிருப்பார்கள்.

பெரிய அதிகாரி வந்தார். சின்ன உருவம், வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று பேசுகிற அம்மா. படத்தைப் பார்த்தார், ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். அபாயச் சங்கை ஊதச் சொன்னார், போலீசைக் கூப்பிடச் சொன்னார். படம் விடிகாலையில் எடுத்தது, அதற்குப் பிறகு தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, மண் எப்படி நிற்கிறது என்று நேரில் பார்த்தாக வேண்டும், அதைப் பார்க்க ட்ரோனைவிட்டால் வழியில்லை என்று அவள் பக்கம் திரும்பினார். அவள் தன் கணவன் கிணற்றுக்குள் இருக்கிறான் என்று சொன்னாள். அதிகாரி அவள் தோளைத் தொட்டு, அங்கே ஆளை அனுப்புவது தன் பொறுப்பு என்றும், மலைக்குப் போய்ப் பறக்கவிட அவளைத் தவிர ஆள் இல்லை என்றும் சொன்னார். அது உண்மை. இரண்டாவது ட்ரோன்காரர் வேலையை விட்டுப் போய் மாதக்கணக்கில் ஆகிறது, அந்த நாற்காலி இன்னும் காலி.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

மலைப்பாதை ஆற்றோரமாகவே கொஞ்ச தூரம் போகும். பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்த்தாள். ஊரே ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஆட்கள் வாளியிலும் துணியிலும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் டிராக்டரை உள்ளேயே இறக்கி மணல் வாரிக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதத் தொடங்கியிருந்தது. சிலர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அடிக்கடி சோதனைக்காக ஊதி ஊதிப் பழகிய சங்கு. தூரத்தில் அந்த வட்டக் கிணறு தெரிந்தது. பக்கத்தில் டீசல் இன்ஜின் புகை விட்டுக்கொண்டிருந்தது. அந்த இன்ஜின் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. சங்கு எங்கே கேட்கும்?

ஜீப் ஓட்டுநர் சாதாரணமாக ஏறினதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாத ஆள். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வளைவுகளில் ஹாரன் அடிக்கவும் மறந்து ஓட்டினார்.

மலையிடுக்கு தெரிகிற திட்டில் வண்டியை நிறுத்தினார்கள். போனில் சிக்னல் செத்துவிட்டது. வாக்கிடாக்கி மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது. அவள் ட்ரோனை மேலே ஏற்றினாள். தூறல் கேமராக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மரங்களைத் தாண்டி வளைவைத் திரும்பியதும் கையில் இருந்த திரையில் அது வந்தது.

அவள் இத்தனை நாளில் எத்தனையோ வெள்ளம் பார்த்தவள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எதிர்மலையின் ஒரு பக்கமே காணோம். தோலை உரித்துப் போட்டது போலச் செம்மண் பளபளவென்று தெரிந்தது. கீழே மண்ணும் பாறையும் வேரோடு வந்த மரங்களும் இடுக்கை மூடிக் கிடந்தன. அதன் பின்னால் ஏரி. கலங்கிய தண்ணீர், சத்தமில்லாமல், அலையில்லாமல், மரங்களின் இலைவரை நின்றுகொண்டிருந்தது. கட்டைகளும் ஒரு தகரக் கூரையும் ஓரத்தில் மிதந்தன. தண்ணீருக்கும் மண்மேட்டின் உச்சிக்கும் நடுவே ஒரு ஆள் உயரம்கூட இல்லை. அவள் ட்ரோனைக் கீழே இறக்கிப் பார்த்தாள். மண்மேட்டின் இந்தப் பக்க அடிவாரத்தில் ஒரு இடம் மட்டும் ஈரமாக மின்னியது. அங்கிருந்து சேற்று நீர் ஊற்றுப்போலக் கசிந்துகொண்டிருந்தது.

அவள் வாக்கிடாக்கியில் கண்டதைச் சொன்னாள். மறுமுனையில் அதிகாரி, எல்லோரையும் ஆற்றிலிருந்து வெளியேற்றச் சொல்லிப் போலீஸ் இறங்கிவிட்டதாகவும், அவள் மண்மேட்டின் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். தண்ணீர் உச்சியைத் தாண்டினால் ஊருக்கு வந்து சேர அரைமணிகூட ஆகாது. தாண்டுகிற அந்த நொடியை அவள் சொல்ல வேண்டும்.

"கிணத்துக்கு ஆள் போயிட்டாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

மீன் பிடிக்க வந்தவர்களின் வண்டிகள் ஆற்றுப்பாதையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, போலீஸ் வண்டி நகர முடியவில்லை, இரண்டு பேர் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றார் அதிகாரி. அந்தப் பாதையை அவள் அறிவாள். சுற்றிக்கொண்டு போகும் பாதை அது.

அப்போது குறுக்கே ஜோசியரின் குரல் வந்தது. "பட்டம், பெரிய ட்ரோனை நான் எடுத்துட்டு மொட்டைமாடிக்கு வந்துட்டேன். எப்படிக் கிளப்பறதுன்னு சொல்லு."

பெரிய ட்ரோன் என்றால் ஒலிபெருக்கி கட்டியது. அவர் மற்ற எல்லோரையும் போலப் பயிற்சிக்கு வந்தவர்தான். முதல் நாளே கொடிக்கம்பத்தில் கொண்டுபோய் மோதி அதன் ஒரு கையை முறித்துவிட்டு, இனிமேல் இதைத் தொடமாட்டேன் என்று எழுதாத குறையாகச் சொன்ன மனிதர். அவள் கண்ணை ஏரியின் மேல் வைத்துக்கொண்டே வாயால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். இடது கட்டைவிரல் மெதுவாக மேலே. பயந்து விரலை எடுத்துவிடாதீர்கள், விட்டாலும் அது விழாது, நின்ற இடத்திலேயே நிற்கும். இப்போது வலது விரல் முன்னால். வயரைத் தாண்டும்வரை கீழே வராதீர்கள். அவருடைய மூச்சு வாக்கிடாக்கியில் புஸ்புஸ்ஸென்று கேட்டது.

திரையில் ஏரி இன்னும் அசையாமல்தான் இருந்தது. மண்மேட்டின் அடியில் கசிந்த ஊற்று மட்டும் இப்போது கொஞ்சம் தடித்திருந்தது.

"ஆத்துக்கு வந்துட்டேன்," என்றார் ஜோசியர். "ஜனங்க மேல ஏறுறாங்க. கிணறு தெரியுது. உள்ள ரெண்டு பேர். உன் வீட்டுக்காரர் நீலச் சட்டையா?"

சட்டையைக் கழற்றியிருப்பார், உயரமான ஆள் என்றாள்.

அவர் ட்ரோனைக் கிணற்றின் வாய்வரை இறக்கி ஒலிபெருக்கியில் பேசியது அவளுக்கும் வாக்கிடாக்கி வழியாகக் கேட்டது. மலையில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு வரப்போகிறது, உடனே மேலே வாருங்கள் என்று மூன்று தரம் சொன்னார். ட்ரோனுக்குக் கேமரா உண்டு, காது கிடையாது. கீழே இருப்பவர்கள் பேசுவது இவர்களுக்குக் கேட்காது. உதவியாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏணியில் ஏற ஆரம்பித்துவிட்டான் என்றார்.

"உன் வீட்டுக்காரர் ரெண்டு விரலைக் காட்டுறாரும்மா. என்ன அர்த்தம்?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவன் வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றுதான் பெயர். சாப்பிடக் கூப்பிட்டால் ரெண்டு நிமிஷம், வீடு தீப்பற்றி எரிந்தாலும் ரெண்டு நிமிஷம். சல்லடையைக் கழற்றிப் பாதியில் வைத்திருப்பான். அதை மாட்டாமல் வந்தால் ஊருக்கு வாரக்கணக்கில் தண்ணீர் போகாது என்று நினைத்துக்கொண்டிருப்பான். தண்ணீர் வருகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அவன் ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டுத்தான் வருவான். அவனை எது உடனே ஏறவைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததே பயமாக இருந்தது.

"சார், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. குட்டி உங்களைத் தேடி ஆத்துக்குள்ள வந்துட்டாளாம்னு சொல்லுங்க."

குட்டி அவர்களுடைய ஒரே மகள். அந்த நேரத்தில் அவள் மேட்டுத்தெருவிலுள்ள பள்ளிக்கூடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள்.

ஜோசியர் தயங்கினார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் சொன்னார். ஒலிபெருக்கியில் மகளின் செல்லப்பெயர் ஆற்றுக்கு மேல் ஒலித்தது.

"ஸ்பேனரைப் போட்டுட்டார். ஏறுறார். ஏறிட்டார்," என்றார் ஜோசியர். அவள் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள்.

திறந்தபோது மண்மேட்டின் உச்சியில், இடதுபக்கம், ஒரு கயிறு கிடப்பது போல மெல்லிய கோடு தெரிந்தது. கோடு நகர்ந்தது. தண்ணீர் அது. சரிவில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், தண்ணி தாண்டுது," என்றாள். அந்தக் குரல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அதிகாரி வேறு யாருக்கோ கட்டளையிடுவது கேட்டது.

அதற்கு மேல் ஜோசியரின் குரல். "பட்டம், அவர் கரைக்குப் போகலம்மா. ஆத்து நடுவுக்கு ஓடுறார். சுத்திச் சுத்திப் பார்க்கிறார். வாயைத் திறந்து கத்துறார்."

தான் சொன்ன பொய் என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. குழந்தை ஆற்றுக்குள் இருக்கிறாள் என்று சொன்னால் எந்தத் தகப்பன் கரைக்குப் போவான்? தேடத்தான் போவான். அவனைக் கிணற்றிலிருந்து இழுத்து, ஆற்றின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது அவளேதான்.

திரையில் அந்தக் கயிறு இப்போது வாய்க்கால் ஆகியிருந்தது. மண்ணை அறுத்துக்கொண்டு ஆழமாக இறங்கியது. இரண்டு பக்கமும் கட்டி கட்டியாகச் சேறு உள்ளே விழுந்தது. "அது பொய்யினு சொல்லுங்க," என்று கத்தினாள். "அவ ஸ்கூல்லதான் இருக்காள்னு சொல்லுங்க." ஜோசியர் சொன்னார். கணவன் ட்ரோனை அண்ணாந்து பார்த்ததாகவும், கையை ஓங்கியதாகவும், மறுபடி ஓடியதாகவும் சொன்னார். முதலில் சொன்னதை நம்பியவன் இதை நம்பவில்லை. தன்னைக் காப்பாற்ற இப்போதுதான் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது மண்மேட்டின் நடுப்பகுதி மொத்தமாக உட்கார்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு வீட்டின் கூரை இறங்குவது போல, அவசரமே இல்லாமல் இறங்கியது. பிறகு ஏரி எழுந்து நின்றது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்தது. நின்றிருந்த பாறை அதிர்ந்தது. ஓட்டுநர் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்துவிட்டார். "உடைஞ்சிருச்சு, உடைஞ்சிருச்சு," என்று அவள் வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நீ பேசாம இரு," என்றார் ஜோசியர். அவர் அவளிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல் மாறியது. பதற்றமே இல்லாமல், ஏதோ வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "பாப்பா கிடைச்சிட்டா. இந்தப் பக்கம் மேட்டுல இருக்கா. என் பின்னாலயே வாங்க."

கொடிக்கம்பத்தில் மோதிய அந்த மனிதர் ட்ரோனைத் தலை உயரத்துக்குத் தாழ்த்தி, விளக்கை மின்னவிட்டு, கரைப்பக்கமாக மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். அவன் நிற்கும்போது நின்றார், ஓடும்போது ஓட்டினார். அவள் அதை எதையும் பார்க்கவில்லை. அவள் திரையில் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு பழுப்பு நிறச் சுவர் ஒன்று வளைவைத் திரும்பி மறைந்துகொண்டிருந்தது. காதில் மட்டும் ஜோசியர். வர்றார். விழுந்துட்டார். எழுந்துட்டார். வர்றார். கல்லுப்படிக்கு வந்துட்டார். ஏறுறார். இன்னும் மேல போங்க, இன்னும் மேல.

"ஏறிட்டாரும்மா," என்றார் கடைசியில். அதைச் சொன்ன வேகத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றும் சொன்னார். ட்ரோன் எங்கேயோ கரைக்கு அந்தண்டை இறங்கிவிட்டது. இனிமேல் ஆற்றில் என்ன நடக்கிறது என்று பார்க்க அவரிடம் கண் இல்லை.

ஜீப் வந்த வழியே திரும்ப முடியாது. அந்தப் பாதை இந்நேரம் தண்ணீருக்குள் போயிருக்கும். மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார்கள். பிழைத்துவிட்டானே என்று ஓட்டுநர் ஆறுதலாக ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை. மேட்டில் ஏறியவன் அங்கே மகளைத் தேடியிருப்பான். மகள் அங்கே இல்லை. இல்லையென்றால் என்ன செய்வான்? மறுபடி கீழே இறங்குவான். ஏறியது வரைக்கும்தான் ஜோசியர் பார்த்தார். கன்ட்ரோலரை இன்னும் இரண்டு கையாலும் பிடித்தபடியே இருப்பதை ஓட்டுநர்தான் கவனித்து, மெல்ல விரல் விரலாகப் பிரித்து வாங்கி வைத்தார்.

ஊருக்குள் வந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. கீழ்த்தெருக்களில் தண்ணீர் நின்றது. பாலத்தின் நடுத்தூண் இல்லை. அந்த வட்டக் கிணறு இருந்த இடத்தில் ஒரு சுழி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில்தான் எல்லோரையும் சேர்த்திருந்தார்கள். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வகுப்பு வகுப்பாகப் பார்த்தாள். மகள் மூன்றாவது அறையில் பெஞ்சின்மேல் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், டீச்சர் இன்றைக்குக் கணக்குப் பாடமே நடத்தவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் மகளை இறுக்கிக்கொண்டாள். அப்பா வந்தாரா என்று கேட்டாள். வரவில்லை என்றாள் குட்டி.

வராந்தாவில் உதவியாள் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டான்.

"அண்ணன் இருக்காருங்க அண்ணி," என்று முதலில் அதைச் சொன்னான். பிறகுதான் மற்றதைச் சொன்னான். மேட்டில் குழந்தை இல்லை என்றதும் அவள் பயந்தது போலவே அண்ணன் படியில் பாய்ந்து இறங்கப் போனாராம். இவன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டானாம். அவர் கையைக் கடித்தாராம். கடித்த கடியில் சதை பிய்ந்தும் இவன் விடவில்லை. அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தண்ணீர் வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு அண்ணன் திமிறவில்லை. மகள் அதற்குள் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அப்படியே சேற்றில் முகத்தை வைத்துக் கிடந்தார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பத்திரம் என்று யாரோ வந்து சொன்ன பிறகும் அவர் எழுந்து ஓடவில்லையாம். நீ முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று இவனை அனுப்பியிருக்கிறார். தானே போய் அங்கே அவள் இல்லாமல் இருந்தால் தாங்க முடியாது என்று சொன்னாராம்.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் தெருமுனையில், ஒரு கடையின் மூடிய ஷட்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து கால்வரை சேறு. மகளைக் கண்டதும் அவன் அங்கேயே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். குட்டி ஓடினாள். அவன் அவளுடைய தலை, காது, கை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சட்டையெல்லாம் சேறாக்குகிறாய் என்று அவள் சிணுங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவியை நிமிர்ந்து பார்த்தான். "யாரு அப்படிச் சொல்லச் சொன்னது?"

"நான்தான்."

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அந்த வெள்ளத்தில் ஆற்றுக்குள் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் தப்பினார்கள். டிராக்டர் வைத்திருந்த அண்ணன் தம்பி மட்டும் ஏறிய பிறகு வண்டியை எடுக்கத் திரும்ப இறங்கினார்கள். அண்ணனை மறுநாள் கண்டுபிடித்தார்கள், தம்பி கிடைக்கவே இல்லை. அவள் அவனைத் தேடி நாலு நாள் ஆற்றின் இரு கரையிலும் ட்ரோன் விட்டாள். செயற்கைக்கோள் படத்தை வைத்து, தண்ணீர் எங்கெல்லாம் ஒதுங்கியிருக்கிறது என்று ஜோசியர் குறித்துக் கொடுப்பார், அங்கெல்லாம் போனாள். மணல்திட்டில் ஏதாவது துணி தெரிந்தால் கீழே இறக்கிப் பார்ப்பாள்.

வீட்டில் கணவன் மகளோடு பேசினான், உதவியாளோடு பேசினான், அவளோடு பேசவில்லை. கோபம் என்றால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். இது கோபமாகத் தெரியவில்லை. தூக்கத்தில் எழுந்து மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் படுப்பான். அவளும் விழித்துக்கொண்டுதான் கிடப்பாள். இருவரும் தூங்குவது போல் படுத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தபோது, அவன் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பேசினான்.

"இன்னொரு தடவை அப்படி ஒண்ணு வந்தா, வேற ஏதாவது பொய் சொல்லு."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "வேற எது சொல்லியிருந்தா வந்திருப்பீங்க?"

அவன் கதவை இரண்டு மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

"உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்," என்றான்.

அவளுக்கு அது தோன்றவே இல்லை. அன்று மலையில் நிற்கும்போது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.